ஐந்து புள்ளி பூஜ்யம் பூஜ்யம்

நான்காம் எண் குரல் பற்பசை விற்கிற குரல். "எனக்குத் தலை வலிக்கிறது" என்று கணினிக்குள்ளிருந்து அது சொன்னபோது, தலைவலி ஏதோ குலுக்கலில் விழுந்த பரிசு போல இருந்தது.

"அடுத்தது," என்றாள் அக்கா. அந்த ஒரு சொல்லே ஓரம் கிழிந்துதான் வெளியே வந்தது.

ஐந்தாவது குரல் பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கியது. ஆறாவதற்கு மூக்கடைப்பு. ஏழாவதை அக்கா முழுதாகக் கேட்கவே இல்லை, கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"எட்டு வயசுப் பொண்ணு பாட்டுப் போட்டிக்கு வந்த மாதிரி இருக்கு," என்றாள். "இத வச்சுக்கிட்டு நான் பத்தாங்கிளாஸ் பசங்கள அதட்டினா, மிட்டாய் குடுப்பானுங்க."

பேச்சுப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் சிரித்தாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்து சிரிக்கிற சிரிப்பு. அவள் மேசையின் மேல் பிளாஸ்டிக்கில் செய்த தொண்டை ஒன்று நெடுக்காகப் பிளந்து வைக்கப்பட்டிருந்தது. பலர் தொட்டுத் தொட்டு அதன் இளஞ்சிவப்பு அழுக்கேறி, மூச்சுக்குழாய்க்குள் தூசி அடை கட்டியிருந்தது. நோயாளிகள் எல்லோரும் முதலில் பார்ப்பது அதைத்தான். துடைக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்.

அக்காவின் குரல்வளையில் கட்டி. அடுத்த வாரம் அறுவை சிகிச்சை. கட்டியோடு குரல்வளையையும் எடுத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அவள் கைக்கருவியில் எழுத்துகளைத் தட்டினால், கருவி பேசும். முன்பே அவளுடைய சொந்தக் குரலில் சில நூறு வாக்கியங்களைப் பதிவுசெய்து கொடுத்தால், கருவியை அந்தக் குரலிலேயே பேச வைக்கலாம் என்று தெரபிஸ்ட் சொல்லியிருந்தாள். பதிவும் நடந்தது. கொடுத்தும் ஆயிற்று. அந்தப் பதிவு உதவாது என்று பதில் வந்ததால்தான் இன்று கடைச்சரக்கில் ஒரு குரலைப் பொறுக்க வந்திருந்தார்கள்.

பதிவுசெய்தவள் கூட வந்திருந்த தங்கை, இளையவள். அக்காவின் கணவர் நடத்தும் ஸ்டூடியோவில் அவள்தான் ரெக்கார்டிஸ்ட். குரல் நன்றாக இருந்த காலைகளாகப் பார்த்து, இரண்டு வாரம் அக்காவை மைக் முன்னால் உட்காரவைத்து அவளே பதிவுசெய்தாள். ஃபைல்களை அனுப்பும் வேலையை அத்தான் எடுத்துக்கொண்டார். உதவாது என்ற பதிலையும் அவர்தான் வாங்கி, சாப்பாட்டு மேசையில் அக்காவிடம் சொன்னார்: "உன் குரல் அப்பவே கெட்டுப்போயிருந்திருக்கு. நமக்குத்தான் தெரியல. மெஷினுக்குத் தெரிஞ்சிருச்சு."

இளையவளுக்கு அது ஒட்டவில்லை. தினமும் ஹெட்ஃபோனில் கேட்டவள் அவள். குரலில் கொஞ்சம் மண் கலந்திருந்தது உண்மை, ஆனால் அது அக்காவின் குரல்தான். இருந்தாலும் மருத்துவமனைக் காதுக்கு நம் காதுக்குக் கேட்காதது கேட்கும்போல என்று எண்ணி வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதிவ ஒரு தடவை போடுறீங்களா?" என்று இப்போது கேட்டாள். "என்ன கோளாறுன்னு கேக்கணும்."

"அத எதுக்குடி இப்ப," என்றாள் அக்கா.

தெரபிஸ்ட் தயங்கிவிட்டுப் போட்டாள்.

'ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கிறாயா?' என்று அக்கா கேட்டாள். கணினிக்குள்ளிருந்து. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு கரகரப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, மணலில் விழுந்த பலகாரத்தைக் கடிப்பதுபோல. வாக்கியத்தின் முடிவில் குரல் தாழ்ந்த இடத்தில் சொல்லே இல்லை, ஒரு பூச்சி இரைச்சல்தான் இருந்தது. அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். தன் சொந்த வாய் நாற்றத்தைத் தானே முகர்ந்துவிட்டவள் முகம் அது.

"கேட்டீங்கல்ல?" என்றாள் தெரபிஸ்ட் தணிவாக. "ஃபைல்ல குறை இல்ல. இருபத்து நாலு பிட்தான், சைஸும் சரியா இருக்கு. தொண்டைதான்... அந்த நேரத்துலயே பாதிப்பு ஆரம்பிச்சிருக்கும்னு உங்க வீட்டுக்காரரும் சொன்னார்."

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள் இளையவள்.

இந்த முறை அவள் சொற்களைக் கேட்கவில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இருந்ததைக் கேட்டாள். அங்கே ஒன்றுமே இல்லை. சுத்தமான ஒன்றுமில்லாமை, கிணற்றை மூடினாற்போல. ஸ்டூடியோவின் ஏசி பழையது. எவ்வளவு பஞ்சு வைத்து அடைத்தாலும் அதன் முணுமுணுப்பு பதிவின் அடியில் மெல்லியதாக ஓடிக்கொண்டே இருக்கும். பத்து வருடமாக அதோடு குடித்தனம் நடத்துகிறவள் அவள். அந்த முணுமுணுப்பு இதில் இல்லை.

தொண்டையில் வந்த கட்டி குரலைக் கெடுக்கும். ஏசியை அணைக்காது.

அக்காவை வீட்டில் விட்டுவிட்டு நேரே ஸ்டூடியோவுக்குப் போனாள்.

*

ஸ்டூடியோ என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு வணிகக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், பல் மருத்துவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே மூன்று அறைகள். கடை விளம்பரம், பேருந்து நிலைய அறிவிப்பு, தொலைபேசியில் காத்திருப்பவர்களைச் சமாதானம் செய்யும் குரல் எல்லாம் அங்கே பிறந்தவை. எடிட்டர் மட்டும் இருந்தான். எப்போதும் அரைக்கண் மூடியிருப்பதால் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர். அவனுடைய காதுகள் தூங்கி யாரும் பார்த்ததில்லை.

"அக்கா வாய்ஸ் ஃபைலா? கேக்காத," என்றான். "போன மாசம் துடைப்பம் மொத்த டிஸ்க்கையும் பெருக்கிடுச்சு."

துடைப்பம் என்பது அத்தான். டிஸ்க் நிறைவது அவருக்குப் பிடிக்காது. காலி இடத்தைக் காட்டும் பச்சைப் பட்டை நீளமாக இருந்தால் அன்று முழுக்க நல்ல மனிதர், வருகிறவர்களிடமெல்லாம் அதைத் திறந்து காட்டுவார். பட்டை சிவந்தால் மேசையைத் துடைப்பார், கண்ணாடியைத் துடைப்பார், கடைசியில் டிஸ்க்கைத் துடைப்பார்.

"பெருக்கிடுச்சுன்னா? அழிச்சிட்டாரா?"

"அழிக்கல. எட்டு பிட்டாக்கிட்டாரு. மூணுல ஒரு பங்கா சுருங்கிடும்ல. நம்ம துடைப்பம் பெருக்கினா வீடு சுத்தமா இருக்கும், வீட்டுக்குள்ளதான் ஒண்ணும் இருக்காது."

"பேக்கப்?"

"அது ராத்திரியானா தானா இத பாத்து அப்படியே காப்பி அடிக்கிற பேக்கப். கண்ணாடி மாதிரி. இங்க மூஞ்சி போனா அங்கயும் போயிரும்." அரைக்கண்ணை முழுதாகத் திறந்து அவளைப் பார்த்தான். "அக்காவோட ஃபோல்டரும் அதுல இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. சத்தியமா."

அவள் ஃபைலைத் திறந்தாள். இருபத்து நாலு பிட் என்றுதான் எழுதியிருந்தது. சைஸும் அதற்கேற்ற சைஸ். ஒலி அலையைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். வளைவாக இருக்க வேண்டிய கோடு படிக்கட்டாக இருந்தது. தட்டையான படி, செங்குத்தாக ஒரு ஏற்றம், மறுபடி தட்டையான படி. எண்களாக மாற்றிப் பார்த்தாள். ஒவ்வொரு எண்ணிலும் முதல் எட்டு இடங்களில்தான் ஏதோ இருந்தது. மீதிப் பதினாறு இடங்களிலும், முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை, வெறும் பூஜ்யம்.

விஷயம் இவ்வளவுதான். ஒலியை ஒரு நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வொரு அளவையும் ஓர் எண்ணாக எழுதிவைப்பதுதான் டிஜிட்டல் பதிவு. அளக்கிற கோலில் எத்தனை கோடுகள் என்பதைச் சொல்வது பிட். எட்டு பிட் என்றால் இருநூற்று ஐம்பத்தாறு கோடுகள். இருபத்து நாலு என்றால் ஒன்றரைக் கோடிக்கும் மேல். கோடுகள் கூடினால் எண் நீளும், எண் நீண்டால் ஃபைல் பெரிதாகும். தெருமுனை ஒலிபெருக்கியில் கத்தப்போகிற விளம்பரத்துக்குக் குறைந்த கோடுகள் போதும். அது எல்லாக் கோடுகளையும் மிதித்துக்கொண்டு போகும், இரைச்சல் இருந்தாலும் தெருவின் இரைச்சல் அதை விழுங்கிவிடும். அத்தான் இத்தனை வருடம் பெருக்கியதெல்லாம் அப்படிப்பட்ட சரக்கு. ஒருவரும் திரும்பி வந்து கேட்டதில்லை.

அக்காவின் குரல் இயல்பிலேயே தணிந்த குரல். அதோடு, இருபத்து நாலு பிட்டில் பதிகிறோம், கோடுகளுக்குப் பஞ்சமில்லை என்ற தைரியத்தில், மேலே தாராளமாக இடம் விட்டுப் பதிவின் ஒலியளவை, லெவலை, கீழே வைப்பது அந்த ஸ்டூடியோவின் வழக்கம். திடீரென்று யாராவது இருமினாலும் பதிவு உடையாது. இளையவள் அந்த வழக்கப்படிதான் வைத்தாள். இருநூற்று ஐம்பத்தாறு கோடுகளாகச் சுருக்கியபோது அக்காவின் குரலுக்கு அதில் கிடைத்தது அடியில் இருந்த பத்துப் பதினைந்து. குரல் தாழும் இடங்களில் இரண்டோ மூன்றோ. ஏசியின் முணுமுணுப்புக்கு அதுவும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு அந்த மிச்சத்தின் பின்னால் பதினாறு பூஜ்யங்களை ஒட்டி யாரோ பழைய சைஸுக்கு ஊதிப் பெருக்கியிருக்கிறார்கள். யாரோ என்ன, துடைப்பம்தான்.

*

அத்தான் வந்தபோது அவர் கையில் ஈர டிஷ்யூ பொட்டலம் இருந்தது. ஒலி மிக்ஸரின் பொத்தான்களுக்கிடையில் துடைத்துக்கொண்டே, "எத்தனாவது குரல் எடுத்தா?" என்று கேட்டார்.

"அக்கா ஃபைல எட்டாக்கினீங்களா அத்தான்?"

கை நிற்கவில்லை. "எந்த ஃபைல்?"

"எட்டாக்கிட்டு, அவங்க கேட்டதும் திருப்பி இருபத்து நாலாக்கி அனுப்பினீங்களா?"

"ஃபோல்டர் ஃபோல்டரா பாத்துக்கிட்டா இருக்க முடியும்? மொத்தமா போட்டேன், அதுவும் போயிருச்சு." டிஷ்யூவை உருட்டிக் குப்பையில் போட்டார். "அவங்க இருபத்து நாலு கேட்டாங்க. ஏத்திக் குடுத்துட்டேன். அவங்க கேட்டது கிடைச்சுதுல்ல?"

"ஏத்தினா வந்துருமா? கறந்த பால் காம்புல ஏறுமா?"

"இந்தப் பழமொழியெல்லாம் எங்கிட்ட வேணாம். நானும் இந்தத் தொழில்லதான் இருக்கேன்."

"அதனாலதான் கேக்கறேன். தெரியாத ஆளு செஞ்சிருந்தா அது தப்பு. நீங்க தெரிஞ்சு பூஜ்யம் ஒட்டியிருக்கீங்க."

அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அதன் கொக்கியால் காதைக் குடையத் தொடங்கினார். யோசிக்கும்போது அவர் செய்வது அது. குடைந்து முடித்துக் கொக்கியின் நுனியைப் பார்த்தார். பார்த்ததை எதிரில் தொங்கிய ஹெட்ஃபோனின் பஞ்சில் தேய்த்துவிட்டு, மூடியைப் பேனாவில் மாட்டினார். இரண்டு வாரமும் அக்கா காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோன் அது. இளையவள் அதை இரண்டு விரலால் எடுத்து அப்பால் வைத்தாள்.

"சரி, லெவல அவ்வளவு கீழ வச்சது யாரு?" என்றார். "மேல தூக்கிப் பதிஞ்சிருந்தா எட்டுலயே ஓரளவு தேறியிருக்கும். நான் மட்டுமா பொறுப்பு?"

அது உண்மைதான். அதுதான் மேலும் அருவருப்பாக இருந்தது. ஓர் உண்மையை எங்கிருந்தோ துழாவி எடுத்து, தன் அழுக்கைத் துடைக்கிற துணியாக ஆக்கிக்கொண்டார்.

"நான் கீழ வச்சேன். நான் அக்காகிட்ட சொல்றேன்," என்றாள். "நீங்க உங்களத சொல்லுங்க."

"பைத்தியமா உனக்கு? அடுத்த வாரம் ஆபரேஷன். இந்த நேரத்துல போயி அவ மனச கெடுப்பியா?" குரலைத் தணித்துக்கொண்டார். கரிசனக் குரல். "பாரும்மா. நல்லா யோசி. குரல் அப்பவே போயிருச்சுன்னு அவ நெனச்சுக்கிட்டா, ஆபரேஷன்ல போறது வெறும் கெட்டுப்போன குரல். கம்மி நஷ்டம். நல்ல குரலாத்தான் இருந்துச்சு, அத நாம தொலைச்சுட்டோம்னு தெரிஞ்சா? அவளுக்காகத்தான் சொல்றேன்."

"நாமளா?"

"குடும்பம்னா நாமதானே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை அவள் பார்த்திருக்கிறாள். மறைத்த சோற்றை உருட்டி நோயாளிக்கு ஊட்டிவிட்டு, வாயையும் துடைத்துவிடுகிற ஆளை இப்போதுதான் பார்த்தாள். வேறொன்றும் அவருக்குத் தோன்றவில்லையா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு இன்னும் குரல் இருக்கிறது. தேய்ந்த குரல்தான், ஆனால் இருக்கிறது. ஆறு நாள் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் மறுபடி பதியலாம். சொல்லாவிட்டால் ஏழாம் எண்ணோ நான்காம் எண்ணோதான் வாழ்நாள் முழுக்க. இந்தக் கணக்கு அத்தானுக்குத் தெரியாமல் இல்லை. போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறார். அவர் காப்பாற்ற நினைத்தது அக்காவின் மனதை அல்ல.

அவள் எழுந்தபோது, "ஏசிய ஆஃப் பண்ணிட்டுப் போ," என்றார்.

*

அக்கா கட்டிலில் மருத்துவமனைப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு சட்டை, துண்டு, பசங்களின் விடைத்தாள் கட்டு ஒன்று.

"அங்க போயுமா திருத்தப் போற?"

"வேற என்ன செய்ய? பேச முடியாதுல்ல. சிவப்பு மை பேசும்." குரலின் பாதி காற்றாகவே போனது. "என்னடி மூஞ்சி இப்படி இருக்கு?"

இளையவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். லெவலைத் தான் கீழே வைத்ததில் தொடங்கி, எட்டு, மூன்றில் ஒரு பங்கு, பேக்கப், பதினாறு பூஜ்யம். ஏசியைப் பற்றியும் சொன்னாள். அக்கா சட்டையை மடித்தபடி கேட்டாள். இருபது வருடம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், நடுவில் ஒரு முறைதான் நிறுத்தினாள்.

"இரு. நாலு புள்ளி எட்டு ஏழுன்னு ஒரு விடை. அத முழு எண்ணா மாத்தி அஞ்சுன்னு எழுதறான். சரி. அப்புறம் ரெண்டு தசம இடம் வேணும்னு கேக்கறாங்க. உடனே அஞ்சு புள்ளி பூஜ்யம் பூஜ்யம்னு எழுதிக் குடுக்கறான். அதானே?"

"அதேதான்."

"அஞ்சுன்னு விட்டிருந்தாகூட மன்னிக்கலாம். தெரியலன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. இது தெரிஞ்ச மாதிரி எழுதினது." சட்டையைப் பைக்குள் வைத்தாள். "என் க்ளாஸ்ல இத ஒருத்தன் செஞ்சா, முட்டை போட்டு பெஞ்சு மேல ஏத்துவேன்."

பையை ஓரமாகத் தள்ளிவைத்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப, என் குரல் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லா இருந்துச்சுக்கா."

"எனக்காகச் சொல்லல இல்ல?"

"ஏசி மேல சத்தியம்."

அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் கண்ணீரில் வந்து நின்றது. அவள் அழுகிறாள் என்றுதான் இளையவள் நினைத்தாள். அக்கா எழுந்து குளியலறைக்குப் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், முழங்கை வரை. வாயைக் கொப்பளித்தாள். திரும்பி வந்தபோது முகம் வறண்டிருந்தது.

"தினமும் சாப்பாட்டு மேசைல என் தொண்டைய பாத்துப் பாத்துப் பேசுவாரு. 'அப்பவே கெட்டுருச்சு, பாவம்'னு. நான் நம்பினேன். நாத்தம் என்கிட்ட இருந்துதான் வருதுன்னு நெனச்சு மூஞ்ச திருப்பிக்கிட்டே பேசுவேன், தெரியுமா?" கையை மீண்டும் ஒரு முறை துண்டில் துடைத்துக்கொண்டாள். "அத தலைய ஆட்டிக்கிட்டே பாத்துக்கிட்டிருந்திருக்காரு."

"வரட்டும். இன்னிக்கு நேருக்கு நேர் கேளு. நான் பக்கத்துல நிக்கறேன்."

"மாட்டேன்."

"அக்கா!"

"கேட்டா அவரு ஒண்ணு சொல்வாரு. நான் பத்து சொல்லணும். விடியுற வரைக்கும் கத்தணும். இந்தத் தொண்டைல எவ்வளவு இருக்குன்னு நெனைக்கற? அத அவருக்குச் செலவு பண்ணச் சொல்றியா?" கையால் வாயைப் பொத்திக் காட்டினாள். அடுத்ததைக் காகிதத்தில் எழுதினாள்: நாளைக் காலை. ஸ்டூடியோ வேண்டாம். உன் அறை.

*

இளையவளின் அறையில் ஒரே ஜன்னல். அதைக் கம்பளியால் மூடினார்கள். அலமாரியின் இரு கதவுகளையும் திறந்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக்கை வைத்தார்கள். தெரபிஸ்ட் தொலைபேசியில் உண்மையைக் கேட்டுவிட்டு, பழையபடி நூற்றுக்கணக்கில் வேண்டாம், முடிந்தது வரை கொடுங்கள், குரல் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படித்தான் கருவியும் பேசும் என்றாள். "கரகரப்பாத்தான் இருக்கும்," என்று எச்சரித்தாள்.

"என் கரகரப்புதானே, பரவால்ல," என்று அக்கா எழுதிக் காட்டினாள்.

இம்முறை லெவலை மேலே தூக்கி வைத்தாள் இளையவள். பதிந்த கையோடு மூன்று இடங்களில் நகல் எடுத்து, ஒன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அக்கா நாள் முழுக்கப் பேசாமல் இருந்து, வெந்நீர் குடித்து, காலையில் ஒரு மணி நேரம் மட்டும் வாசித்தாள். சில வாக்கியங்கள் நடுவில் உடைந்தன. உடைந்ததைத் திரும்ப வாசித்தாள். சில எத்தனை முறை வாசித்தாலும் உடைந்தன, அவற்றை விட்டுவிட்டாள். இப்படி விட்டதில் ஒன்று 'நான் நன்றாக இருக்கிறேன்'.

அத்தான் முதல் நாள் ஒன்றும் கேட்கவில்லை. தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் நாள் கதவைத் தட்டினார். பதிவு ஓடிக்கொண்டிருந்தது. நல்ல வாக்கியம், அக்கா ஒரு மூச்சில் கடந்துகொண்டிருந்தாள்.

"என் நீலத் துண்டு எங்க?"

இளையவள் கதவைத் திறந்தாள்.

"ரெக்கார்டிங் போகுது அத்தான்."

"தெரியும் தெரியும்." கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். "இதெல்லாம் எதுக்கு வீட்டுல? அலமாரிக்குள்ள தலைய விட்டுக்கிட்டு... நம்ம ஸ்டூடியோ சும்மாத்தானே கிடக்கு? ஊர்ல கேட்டா என்ன நெனைப்பாங்க, சொந்த ஸ்டூடியோ இருக்கிறவன் பொண்டாட்டி துணிக்குள்ள பேசினான்னா?"

அக்கா துணிகளுக்கிடையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். செருப்பின் அடியில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். ஏதாவது கத்தினால் பதில் வைத்திருந்தார் போல. கத்தவில்லை என்றதும் எங்கே போவதென்று தெரியாமல் நின்றுவிட்டுப் போனார்.

"முதல்லேருந்தா?" என்றாள் இளையவள்.

அக்கா தலையசைத்து, காகிதத்தை உயர்த்திப் பிடித்தாள்.

ஐந்தாம் நாள் காலையில் வாயைத் திறந்தபோது காற்று மட்டும்தான் வந்தது. காகிதத்தை மடித்து வைத்தாள். அதோடு முடிந்தது.

*

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கருவி வர இரண்டு மாதம் ஆயிற்று. கையகலப் பலகை, கீழே எழுத்துகள், மேலே சிறு ஒலிபெருக்கி. குரல் தடித்து, கரகரத்து, கேள்விகளின் முடிவில் உயராமல் தட்டையாக நின்றுவிடும். ஆனால் அடுத்த அறையிலிருந்து கேட்டால் அக்கா என்று தெரியும். தூங்குமூஞ்சி வந்து ஒரு வாக்கியம் கேட்டுவிட்டு, "அதே அதட்டல்," என்று சொல்லி இரண்டு கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். அத்தானின் மூத்த அக்கா. வாயில் வந்ததை மென்றுவிட்டுப் பேசும் பழக்கம் இல்லாதவள்.

"எங்க, பேசிக் காட்டு பாப்போம்."

அக்கா தட்டினாள். "வாங்க அண்ணி. இளைச்சுட்டீங்க," என்றது கருவி.

"அட, பொய்கூட அதே மாதிரி சொல்லுதே!"

எல்லோரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். சிரிப்பின் சூட்டிலேயே நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டார்.

"சும்மாவாக்கா? இதுக்கெல்லாம் சாதாரண ரெக்கார்டிங் போதாது. இருபத்து நாலு பிட் வேணும். எட்டு பிட்ல பண்ணினா குரலே செத்துரும். வேற ஸ்டூடியோவா இருந்தா இடம் மிச்சம் பிடிக்கறேன்னு கெடுத்து வச்சிருப்பானுங்க. நம்ம குடும்பத்துல ஆளு இருந்ததால தப்பிச்சுது. குவாலிட்டில மட்டும் நான் விட்டுக்குடுக்கறதே இல்ல."

இளையவளுக்குக் காது கொதித்தது. அக்கா அசையவில்லை. பலகையை மடியில் சரியாக வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். நீளமாகத் தட்டினாள். அவள் தட்டும்போது காத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் அதற்குள் பழகியிருந்தார்கள். அத்தான் மட்டும் பலகையை எட்டிப் பார்க்க முயன்றார். அவள் அதைத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள்.

"முதல் பதிவு நல்லா இருந்துச்சு அண்ணி. இவர் அத எட்டு பிட்டாக்கினாரு. டிஸ்க்ல இடம் வேணும்னு. அப்புறம் பூஜ்யம் ஒட்டி அனுப்பினாரு. அது வேலைக்கு ஆகலன்னதும், என் தொண்டைதான் கெட்டுப்போச்சுன்னு என்கிட்டயே சொன்னாரு. இது ரெண்டாவது பதிவு. தங்கச்சி அலமாரிக்குள்ள வச்சுப் பதிஞ்சது. நீங்க கேக்கறது மிச்சம்."

கருவிக்குக் கோபப்படத் தெரியாது. விலைப்பட்டியல் வாசிப்பதுபோல் ஒரே சீராகச் சொல்லி முடித்தது.

"டீ போடட்டுமா?" என்று அத்தான் எழுந்தார்.

"உக்காருடா," என்றாள் நாத்தனார். அவர் உட்காரவில்லை, போகவும் இல்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நெஜமாவா?"

"அது ஒரு டெக்னிக்கல் விஷயம்க்கா. இவங்களுக்குப் புரியல..."

"கணக்கு டீச்சருக்கா புரியல?" நாத்தனார் அக்காவின் பக்கம் திரும்பினாள். அவள் முகமும் சுளித்திருந்தது, பாலில் எதையோ பார்த்தவள்போல. "இவ்வளவு நாள் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, நீ ஏம்மா அன்னைக்கே இவன நாக்கப் பிடுங்கற மாதிரி கேக்கல?"

அக்கா தட்டினாள்.

"அன்னைக்குப் பேசினா குரல் தீந்துரும். இது தீராது."

ஒலிபெருக்கியின் பொத்தானை ஒரு படி மேலே ஏற்றிவிட்டு, விரல்களை நீட்டி மடக்கி, அடுத்ததைத் தட்டத் தொடங்கினாள்.